டான்சில் ஆபரேஷன்: பெரியவர்கள் இரண்டாவது வாரத்துக்குத் தயாராவது எப்படி

டான்சில் ஆபரேஷன் என்றால் குழந்தைகளுக்குச் செய்வது, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் நாலு நாளில் ஓடியாடத் தொடங்கிவிடும் என்றுதான் நம் ஊரில் பேச்சு. முப்பது, நாற்பது வயதில் அதே ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் அந்த நினைப்போடுதான் லீவு சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அடுத்த வியாழக்கிழமை வேலைக்கு. இந்தக் கணக்கு பெரியவர்களுக்குச் சரிப்படாது. மேசையில் நடக்கும் வேலை அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம்தான். ஆனால் வளர்ந்தவர் உடம்பு அதிலிருந்து எழுந்துவர இரண்டு வாரம் கேட்கும். அந்த இரண்டு வாரத்தில் கடினமான நாட்கள் முதலில் வருவதும் இல்லை. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போன பிறகு, "இனி ஒன்றுமில்லை" என்று வீடே மூச்சுவிட்ட பிறகு, நாலாம் ஐந்தாம் நாளில்தான் அவை தொடங்குகின்றன.

ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தங்கைக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவன் நான். அதனால் இந்த இயல் நோயாளிக்கு மட்டுமல்ல, இரவில் எழுந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறவருக்கும் சேர்த்துத்தான். இருவரும் படியுங்கள்.

எடுக்கத்தான் வேண்டுமா?

முதலில் எண்ணிப் பாருங்கள். அடிக்கடி டான்சில் வீங்குகிறது என்று டாக்டரிடம் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை தடவை?" என்பதுதான். பல நாடுகளில் இ.என்.டி. டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: கடந்த ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடமாக வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடமாக வருடத்துக்கு 3 தடவை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளிடம் நடத்தி 1984-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த அளவு; பெரியவர்களுக்கும் இதையே பொருத்திப் பார்க்கிறார்கள். தொண்டை கரகரத்த நாளையெல்லாம் இதில் சேர்க்கக் கூடாது. காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறி கட்டுதல் என்று ஆளைப் படுக்கப்போட்ட தடவைகள்தான் கணக்கு. நினைவை நம்பாதீர்கள். போனில் ஒரு குறிப்பைத் திறந்து தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் எழுதினாலே உங்களுக்கும் டாக்டருக்கும் பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1934-ல் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். 61 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதிப் பிள்ளைகளை டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அவர்களில் 45 சதவீதம் பேருக்கு எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளை வேறு டாக்டர்களிடம் காட்டினால் அவர்களிலும் ஏறக்குறைய அதே பங்குக்கு 'எடுக்க வேண்டும்' என்றே பதில் வந்தது. இன்று நிலைமை அப்படி இல்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்துவிட்டு "எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், இன்னொருவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இப்போது நல்ல சான்று இருக்கிறது. பிரிட்டனில் 27 ஆஸ்பத்திரிகளில் 453 பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2023-ல் லான்செட் இதழில் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் தொண்டை வலித்த நாட்கள் நடுமதிப்பில் 23. மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 30. ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியையும் சேர்த்தே அந்த 23. எனவே பலன் உண்டு. ஆனால் "இனிமேல் தொண்டையே வலிக்காது" என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. சளி பிடித்தால் தொண்டை அப்போதும் கரகரக்கும். அதே ஆய்வில் ஆபரேஷன் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் கசிந்தது. இந்த இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எண்ணிக்கை பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத காரணங்கள் வேறு உண்டு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டி, வாயைத் திறக்க முடியாமல், குரல் கொழகொழத்துப் போய் அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்கு அது மறுபடி வரலாம். டான்சில் பெரிதாகித் தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து வருபவர்களுக்கு எடுத்தால் நிம்மதி கிடைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருப்பது. அதிலும் புகையிலை, ஹான்ஸ், வெற்றிலை பாக்கு போடுகிறவர், அல்லது கழுத்தில் கட்டி, அதே பக்கக் காதில் வலி, காரணமில்லாமல் எடை குறைவு என்று இருப்பவர் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே எடுப்பது குணப்படுத்த மட்டுமல்ல, புற்றுநோயா என்று பரிசோதித்துப் பார்க்கவும்தான்.

எடுத்தும் பலனில்லாமல் போகிறவர்கள் ஒரு வகையினர் உண்டு. தினமும் காலையில் எழுந்ததும் தொண்டை எரிகிறது, அடிக்கடி செருமுகிறோம், காய்ச்சல் கிடையாது என்றால் அது பெரும்பாலும் வயிற்று அமிலம் மேலே வருவதால் இருக்கும்; இரவு பத்தரை மணி பரோட்டாவை நிறுத்த வேண்டியிருக்கும். டான்சில் குழிகளில் வெள்ளை வெள்ளையாகக் கல் சேர்ந்து வாய் நாறுவதும் தொல்லைதான். ஆனால் கொப்பளித்தே பலருக்கு அது அடங்கிவிடும். அதற்காக மட்டும் இவ்வளவு வலி தாங்க வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள்.

டான்சில் போனால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா என்று எல்லார் வீட்டிலும் கேட்பார்கள். தொண்டையைச் சுற்றி இதே வகைத் திசு ஒரு வளையமாகவே இருக்கிறது. ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டேயர் 1884-லேயே அதை விவரித்திருக்கிறார். அதில் இரண்டு துண்டுதான் போகிறது. சிறு வயதில்தான் டான்சிலுக்கு வேலை அதிகம். வளர்ந்தவர்களுக்கு அது இல்லாததால் நோய் எதிர்ப்பில் சொல்லும்படியான குறை வருவதில்லை.

நாள் குறிப்பதற்கு முன்

இரண்டு முழு வாரம் லீவு எடுங்கள். குரலை வைத்துப் பிழைப்பவர்கள் (ஆசிரியர், கண்டக்டர், சந்தையில் கூவி விற்பவர்) மூன்றாவது வாரத்தின் முதல் சில நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் கல்யாணம், காதுகுத்து, ரயில் பயணம், பழனி, திருச்செந்தூர் எதுவும் வேண்டாம். தூரத்துக்குப் போவதால் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது. ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் காரணம். கிராமத்தில் இருப்பவர்கள் முடிந்தால் அந்த நாட்களுக்கு டவுனில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. வீட்டில் தனியாக இருப்பவர் யாரையாவது வரச்சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம்.

தொண்டை வீங்கியிருக்கும்போதே எடுக்க மாட்டார்கள். அழற்சி அடங்கிச் சில வாரம் கழித்துத்தான் நாள் கொடுப்பார்கள். நாள் குறித்த பிறகு காய்ச்சலோ சளியோ வந்தால் மறைக்காமல் போன் செய்து சொல்லுங்கள்.

பணம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இது வழக்கமாகச் செய்யும் ஆபரேஷன். தனியாரில் செய்வதாக இருந்தால் பாலிசியை எடுத்து, காத்திருப்புக் காலம் என்று இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். பாலிசி தொடங்கிய முதல் 24 மாதம் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் டான்சில் ஆபரேஷன் பெயர் சொல்லியே இருக்கும். எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி 2020-ல் வந்தபோது அதிலும் இப்படித்தான் இருந்தது. போன வருடம் எடுத்த பாலிசியை நம்பி அட்மிஷன் போட்டுவிட்டு, ஆபரேஷன் அன்று கவுன்டரில் நின்று தகராறு செய்வதில் பயனில்லை. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் சில மாதம் பொறுப்பது பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும்.

டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்ல வேண்டியவை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை இதையும் சொல்லுங்கள். 'இதெல்லாம் மருந்தா' என்று நாம் விட்டுவிடுவதில்தான் சிக்கல். பல் பிடுங்கும்போது ரத்தம் நிற்காமல் போனது, மாதவிடாயில் வழக்கத்துக்கு மேல் போவது, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு, ஆடும் பல், கட்டிய பல், குறட்டை, முன்பு மயக்க மருந்தில் வந்த தொல்லை எல்லாமே அவர்களுக்கு வேண்டிய தகவல். புகை பிடிப்பவர் நாள் குறித்த அன்றே நிறுத்த வேண்டும்.

எந்த முறை என்றும் குழம்புவீர்கள். கத்தி, கத்தரியால் பிரித்து எடுப்பது பழைய முறை. மின்சாரச் சூட்டால் எடுப்பது டயாதெர்மி. உப்புநீரில் ரேடியோ அலை செலுத்தி, குறைந்த சூட்டில் திசுவைக் கரைப்பது கோப்ளேஷன். தனியார் ஆஸ்பத்திரி விளம்பரங்களில் இதுதான் அதிகம். 2003, 2004-ல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் சுமார் 34,000 டான்சில் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தபோது, சூட்டைப் பயன்படுத்தும் முறைகளில் பிந்தைய ரத்தப்போக்கு பழைய முறையைவிட அதிகமாக இருந்தது. அதனால் புதிய கருவி என்பதற்காக மட்டும் கூடப் பணம் கட்ட வேண்டியதில்லை. "உங்களுக்குக் கை பழகிய முறை எது, டாக்டர்? அதிலேயே செய்யுங்கள்" என்று கேட்டுவிடுவதே என் யோசனை.

ஆபரேஷன் அன்று

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் உங்களுக்கு எதுவும் தெரியப் போவதில்லை. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் எப்போது வரை என்று அவர்கள் சொல்வார்கள். முழு மயக்கம். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஒரு உலோகச் சட்டத்தால் திறந்து வைத்து, வாய் வழியாகவே எடுப்பார்கள். வெளியே கீறல் கிடையாது, உள்ளேயும் பெரும்பாலும் தையல் போட மாட்டார்கள். இரண்டு பக்கமும் புண் திறந்தபடியே இருந்து ஓரங்களிலிருந்து ஆறிவரும். அந்தச் சட்டம் அழுத்தியதால் நாக்கு தடித்து மரத்திருக்கும், தாடை மூட்டும் பிடரியும் வலிக்கும், உதட்டோரம் கிழிந்திருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. முதல் வாய்த் தண்ணீரை அன்றே விழுங்கப் பழகுங்கள். மயக்க மருந்தின் மிச்சம் உதவும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

நாட்கள் எப்படிப் போகும்

முதல் இரண்டு நாள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகவே இருக்கும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து வலி ஏறும். நாலு முதல் எட்டு வரையான நாட்கள்தான் இந்த ஆபரேஷனின் உண்மையான பாரம். வலி தொண்டையில் மட்டும் நிற்காது, காதுக்குள் குத்தும். காதில் புண் வந்துவிட்டதோ என்று சொட்டு மருந்து தேட வேண்டாம். டான்சில் இருந்த இடத்துக்கும் நடுக்காதுக்கும் உணர்வு சொல்வது ஒரே நரம்பு. மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. தொண்டைக்குக் கொடுக்கும் வலி மாத்திரையிலேயே காதும் அடங்கும்.

இந்த நாட்களில் ஒரு தடவையாவது டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்ப்பீர்கள். என் தங்கை ஐந்தாம் நாள் காலையில் போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி என்னிடம் காட்டினாள். இரண்டு பக்கமும் சாம்பல் கலந்த வெள்ளையாக, தடித்த பாலாடை போல ஒட்டியிருந்தது. உள்நாக்கு கட்டைவிரல் பருமனுக்கு வீங்கித் தொங்கியது. வாயிலிருந்து வந்த நாற்றம் ஒரு அடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. "அண்ணா, சீழ் பிடிச்சிருச்சு" என்று சிலேட்டில் எழுதினாள். சீழ் இல்லை. வெளித்தோலில் புண் ஆறினால் காய்ந்து பொருக்காகும். வாய்க்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் அதே பொருக்கு வெள்ளையாக, நனைந்தபடியே இருக்கிறது. அதைச் சுரண்டக் கூடாது. விரலோ பிரஷோ பஞ்சோ அதன் பக்கம் போகக் கூடாது. நாற்றமும் அதனால்தான், பொருக்கு உதிர்ந்ததும் போய்விடும். பல்லை மட்டும் மென்மையாகத் துலக்குங்கள். மிதமான உப்புநீரை வாயில் வைத்திருந்து துப்பலாம், 'கர்ர்' என்று தொண்டை அதிரக் கொப்பளிக்க வேண்டாம்.

ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தப் பொருக்கு உதிரும். ரத்தம் வரும் ஆபத்தும் இந்த நாட்களில்தான் அதிகம். அதைத் தனியே சொல்கிறேன். பத்தாம் நாளுக்குப் பிறகு பலருக்கும் ஒரே இரவில் பாதி வலி குறைந்தது போல இருக்கும். பதினாலாம் நாளில் பெரும்பாலோர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அதுவரை பளு தூக்குவது, உடற்பயிற்சி, சுடச்சுட வெந்நீர்க் குளியல், வெயிலில் அலைச்சல் வேண்டாம். கழிப்பறையில் முக்குவதும் கூடாது. டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டிவிடும், சாப்பாடும் குறைந்திருக்கும். டாக்டரிடம் கேட்டு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சிரப் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்

'வலித்தால் போட்டுக்கொள்கிறேன்' என்பது நம் வழக்கம். பல இடத்தில் அது நல்ல வழக்கமும்கூட. இங்கே அது செல்லாது. வலி ஏறிய பிறகு மாத்திரையை விழுங்கவே முடியாது. விழுங்க முடியாததால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் தொண்டை காய்ந்து வலி கூடும். இந்தச் சுழலில் மாட்டி டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. எனவே எழுதிக் கொடுத்த மருந்தை எழுதிக் கொடுத்த நேரத்தில், வலி இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுங்கள். இரவு இரண்டு மணி வேளையைத் தாண்ட விடாதீர்கள். இரவெல்லாம் வாய் திறந்து தூங்கித் தொண்டை வறண்டு போவதால், காலை ஐந்து மணிதான் நாளின் மிக மோசமான நேரம். அலாரம் வைத்து எழுப்பி, மாத்திரையும் அரை டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டுத் தூங்க வையுங்கள்.

மாத்திரை பெரிதாக இருந்தால் சிரப் கேளுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள சிரப்பில் 10 மில்லி எடுத்தால்தான் ஒரு 500 மாத்திரைக்குச் சமம். குழந்தை மருந்துதானே என்று ஒரு மூடி குடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்பார்கள். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது. எடை குறைந்தவர், மது அருந்துபவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு அளவு இன்னும் குறைவு. டிராமடால் மாத்திரையிலும் அசிக்ளோஃபெனாக் மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்தே வருவது நம் மருந்துக் கடைகளில் சகஜம். அட்டையின் பின்புறம் படித்து, அதையும் கூட்டிப் பாருங்கள். ஒரு தாளில் மணி, மருந்து, அளவு என்று மூன்று கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை கொடுக்கும் ஆபத்து இருக்காது. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். வேறு எந்த வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம்.

சாப்பாடு

இதில்தான் வீட்டில் சண்டை வரும். டாக்டர் குளிர்ச்சியாகக் கொடுக்கச் சொல்வார். பெரியவர்களோ, தொண்டைப் புண்ணுக்குப் போய் ஐஸா, சளி பிடிக்காதா என்பார்கள். எங்கள் அம்மா நாலாம் நாள் டம்ளரோடு வந்து நின்றார்: "ஒரே ஒரு வாய் மொளகு ரசம் குடி கண்ணு, தொண்டைக்கு எதமா இருக்கும்." தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிளகு, சுக்கு, கஷாயம், எலுமிச்சை, புளி, ஊறுகாய் எதுவும் திறந்த புண்ணில் பட்டால் எரியும். சூடு ரத்தக் குழாயை விரியச் செய்யும். குளிர்ச்சி சுருக்கும், மரக்கச் செய்யும். அம்மாக்களுக்கு இதை ஆபரேஷனுக்கு முன்பே, டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள்.

என்ன கொடுப்பது? நம் சமையலில் இதற்கு ஏற்றவை ஏராளம். ஆறவைத்த அரிசிக் கஞ்சி, நன்றாகக் குழைத்துப் பிசைந்த தயிர் சாதம் (தயிர் புளிக்காமல், கடுகு மிளகாய் தாளிக்காமல்), பாலில் ஊறவைத்த இடியாப்பம், இட்லியைப் பாலிலோ காரமில்லாத பருப்புத் தண்ணீரிலோ ஊறவைத்தது, நீர்மோர், இளநீர், நுங்கு, ஆறிய ராகிக் கூழ், குழைந்த பருப்பு சாதம் நெய்யோடு, வாழைப்பழம், அரைவேக்காட்டு ஆம்லெட். ஐஸ்கிரீமும் தரலாம், சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். பால் சாப்பிட்டால் வாயில் பிசுபிசுக்கிறது என்பவர்கள் அதன் பின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகும். முறுக்கு, அப்பளம், சிப்ஸ், முனை குத்தும் எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பாட்டை வையுங்கள். முதல் மூன்று வாய்தான் கொடுமை, பிறகு தொண்டை பழகிவிடும். முடிந்த அளவு மென்று விழுங்கச் சொல்லுங்கள். வெறும் திரவத்திலேயே நாட்களை ஓட்டினால் தொண்டைத் தசை இறுகிப்போய் வலி நீளும். சாப்பாடு குறைந்தாலும் பரவாயில்லை, எடை இரண்டு மூன்று கிலோ இறங்குவது சகஜம். தண்ணீர் குறையவே கூடாது. இரண்டு லிட்டர் பாட்டிலைக் கண்ணெதிரே வைத்து, மாலைக்குள் காலியாகிறதா என்று பாருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகி, அளவும் குறைந்தால் உடல் வறள்கிறது என்று பொருள். பாதி நாளுக்கு மேல் எதையுமே விழுங்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரத்தம் வந்தால்

இந்தப் பகுதியைப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நான் மேலே சொன்ன இங்கிலாந்துக் கணக்கெடுப்பில், ஆஸ்பத்திரியில் கூடுதலாகத் தங்கவோ திரும்ப வரவோ வேண்டிய அளவு ரத்தம் வந்தது நூற்றுக்கு மூன்று நாலு பேருக்கு. மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம். முதல் 24 மணி நேரத்தில் வந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே இருப்பீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் வருவதுதான் வீட்டில், பெரும்பாலும் எதிர்பாராத நேரத்தில் வரும்.

எச்சிலில் நூல் போல ஒரு சிவப்புக் கோடு, துப்பியதும் நின்றுவிட்டது என்றால் குளிர்ந்த நீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். புதுச் சிவப்பாக ரத்தம் வந்துகொண்டே இருந்தால், கட்டியாக வந்தால், ஒரு ஸ்பூன் அளவுக்கு மேல் போனால் போன் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கிளம்ப வேண்டும். தானாக நின்றுவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். சிறு கசிவுக்குப் பின்னால் சில மணி நேரத்தில் பெரிதாக வருவது உண்டு. தூங்கும்போது திரும்பத் திரும்ப 'கடக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டால் எழுப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள், ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். கறுப்பாக வாந்தி எடுத்தாலும் அதே பொருள்தான்.

படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை முன்னால் குனியச் செய்து, ரத்தத்தை விழுங்காமல் ஒரு பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டருக்குக் காட்ட அந்தப் பாத்திரம் உதவும். ஐஸ் துண்டு இருந்தால் வாயில் ஒதுக்கிக்கொள்ளட்டும். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். நோயாளியே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "டான்சில் ஆபரேஷன் ஆகி ஏழாம் நாள், ரத்தம் வருகிறது" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுங்கள். சீட்டு எழுதும் வரிசையில் நிற்க வேண்டிய கேஸ் இல்லை இது. இரவு நேரத்தில் இ.என்.டி. டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது, அதன் அவசர எண் என்ன என்று டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு எழுதி, அந்த ஃப்ரிட்ஜ் தாளின் மேலேயே பெரிதாகக் குறித்துவிடுங்கள்.

ரத்தம் இல்லாமலும் டாக்டரைக் கூப்பிட வேண்டியவை உண்டு. முதல் ஓரிரு நாள் லேசான சூடு இயல்பு. 101 டிகிரிக்கு மேல் போனால், மூச்சு விடச் சிரமப்பட்டால், குறைந்து வந்த வலி திடீரென்று ஒரே பக்கம் கூடினால், கழுத்தைத் திருப்ப முடியாமல் போனால் தாமதிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு

இரண்டாவது வாரக் கடைசியில் மறுபரிசோதனைக்குப் போகும்போது கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது, காரம் எப்போது சேர்ப்பது, வகுப்பெடுக்கலாமா, உடற்பயிற்சிக்குப் போகலாமா என்று கேளுங்கள். நாக்கில் உலோகச் சுவையோ சுவை மங்கலோ சில வாரம் நீடிக்கலாம். குரலும் கொஞ்சம் மாறியது போலத் தோன்றி, வீக்கம் வற்றியதும் திரும்பிவிடும். தண்ணீர் மூக்கில் ஏறுவது ஆரம்பத்தில் சிலருக்கு இருக்கும். வாரங்கள் கடந்தும் நிற்காவிட்டால் சொல்லுங்கள். புகையிலையும் பாக்கும் போட்டவர்கள் இந்த இடைவெளியை விட்டுவிடாமல் அப்படியே நிறுத்திக்கொள்ள முடிந்தால், அது டான்சிலை எடுத்ததைவிடப் பெரிய லாபம்.

எடுத்த டான்சிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள். வலி போனதும் ரிப்போர்ட் மறந்துபோய் ஆஸ்பத்திரி அலமாரியிலேயே கிடப்பது உண்டு. ஒரு பக்கம் பெரிதாக இருந்ததற்காக எடுத்தவர்களுக்கு ஆபரேஷனின் நோக்கமே அந்தத் தாள்தான். அதில் எழுதியிருப்பதை டாக்டரையே வாசித்து விளக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மயக்க மருந்துக் குறிப்பு, ரிப்போர்ட் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசல் தாள்களை ஃபைலில் போடுங்கள். இன்ஷூரன்ஸ் பணத்தைப் பிறகு திரும்பக் கேட்பதாக இருந்தால் பில்களின் அசலும் அதே ஃபைலில் இருக்கட்டும்.